தெருவையும் அளந்து பாருங்கள்

(புதியம்புத்தூரில் தையல் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றியப் பணி மேற்பார்வையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அக்காமார், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணாச்சிமார், பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கச்சிகள், எல்லாருக்கும் நன்றி. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அரை மணி நேரம் என்பது காசு. அதை எனக்குக் கொடுத்திருக்கீங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் பிறகு போனில் படிக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் புதியம்புத்தூரை வைத்துத்தான் பேசப்போகிறேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் தெருவை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தூத்துக்குடி மாவட்டம், ஓட்டப்பிடாரம் வட்டம், சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. மழை கைவிட்ட வருஷங்களில் இந்த ஊருக்குக் கைகொடுத்தது தையல் மெஷின். இன்றைக்கு 'குட்டித் திருப்பூர்' என்று பெயர் வாங்கியிருக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின மாசங்களில் இங்கே ராத்திரி பகல் கிடையாது. கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், காஜா பட்டன் ஒரு இடம், அயர்ன் ஒரு இடம் என்று ஒரு சட்டை உருவாவதற்குள் நாலு வாசல் ஏறி இறங்குகிறது. அதை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறார். ஆகவே இந்த ஊரில் தெரு என்பது வெறும் போக்குவரத்துப் பாதை இல்லை. தொழிற்சாலையின் ஒரு பகுதி அது. காகிதத்தில் நாம் ஊராட்சி. நெருக்கத்தில் பார்த்தால் நகரம்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு

ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து தைக்க வருகிறவர். 2021-இலிருந்து அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 'விடியல் பயணம்' என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த அக்காவுக்கு அது மாசத்துக்கு ஒரு நல்ல தொகை மிச்சம். சரி, பஸ் இலவசம். பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு வருகிற 300 மீட்டருக்கு யார் பொறுப்பு?

கையில் ஒரு பண்டல். பொழுது சாய்ந்துவிட்டது. ஓரமாக நடக்கலாம் என்றால் ஓரத்தில் வரிசையாக பைக். பைக்கைச் சுற்றிப் போகலாம் என்றால் நடு ரோடு. நடு ரோட்டில் பின்னாலிருந்து லோடு ஆட்டோ ஹாரன் அடிக்கிறான். ஒதுங்கலாம் என்றால் வாருகால். அதில் ரெண்டு மூடியைக் காணோம். இப்படி 300 மீட்டரில் அந்த அக்கா எத்தனை தடவை ரோட்டுக்குள் இறங்கி ஏறுகிறார் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் தெருவுக்கு மார்க்கு.

இது சின்ன விஷயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,000 பேருக்கும் மேல் நடந்து போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். வண்டி ஓட்டாமல், வேகமாகப் போகாமல், வெறுமனே நடந்ததற்காகச் செத்தவர்கள்.

நான் செய்த தப்பு

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி ஒன்றும் இல்லை. ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் வேலையில் சேர்ந்த புதுசு. ஊர்ப் பெயர் வேண்டாம். இதே கரிசல் சீமையில் ஒரு ஊர். ஒரு தெருவுக்கு ரோடும் வாருகாலும் போட்டோம். ஏற்கெனவே இருந்த ரோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு. வேலை சுத்தமாக இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு ஆச்சி மட்டும் வாசலில் நின்றுகொண்டு கேட்டார்:

"ஏய்யா, ரோட்டை உசத்திட்டியே, என் வாசல் என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

"எஸ்டிமேட் அப்படித்தான் ஆச்சி" என்றேன்.

ஆச்சியின் வாசல் ரோட்டை விடத் தாழ்ந்துபோய்விட்டது. வெளியே வரவேண்டுமென்றால் முழங்கால் உயரம் ஏறி, வாருகாலைத் தாண்டி, ரோட்டுக்கு வரவேண்டும். ஐப்பசி மழையில் ஒருநாள் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. அடுத்த தடவை நான் போனபோது திண்ணையில்கூட இல்லை, உள்ளே கட்டிலில் இருந்தார். வெற்றிலை வாங்க ஒரு சின்னப் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் தெருவுக்கு வரவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்த வாருகாலின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் என் கையெழுத்தில் அளவுப் புத்தகத்தில் சரியாக எழுதியிருக்கிறது. அதைத் தாண்டப்போவது யார் என்று கேட்க அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை. நானும் கேட்கவில்லை.

2021-ஆம் ஆண்டு அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். செய்தியைப் படித்தபோது அந்த ஆச்சி முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உங்கள் தெருவில் புது ரோடு போட வரும்போது நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: "பழசைச் சுரண்டிட்டுப் போடுறீங்களா, மேலேயே போடுறீங்களா?"

நடப்பதும் ஒரு உரிமை

கோயம்புத்தூரில் எலும்பு முறிவுச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் என்று ஒருவர். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து, விபத்தே நடக்காமல் தடுக்க வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2025 மே மாதம் நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. தடையில்லாத நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடங்கும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதை இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பு நீக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது.

ஆக, நடக்க இடம் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பது இல்லை. குடிதண்ணீர் கேட்பது மாதிரி.

உங்கள் கழுத்தில் தொங்கும் டேப்

சரி, நல்ல தெரு என்றால் எப்படி இருக்க வேண்டும்? இதற்கு நீங்கள் என்ஜினியர் ஆகவேண்டாம். இந்த ஊரில் பாதிப்பேர் கழுத்தில் டேப் தொங்குகிறது. உடம்பை அளக்காமல் நீங்கள் சட்டை வெட்டுவீர்களா? தெருவுக்கு மட்டும் ஏன் அளவு எடுக்காமல் விடுகிறோம்?

இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு நடைபாதைக்கு அளவு வகுத்து வைத்திருக்கிறது. குடியிருப்புத் தெருவில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தடை எதுவும் இல்லாமல். உங்கள் டேப் 150 சென்டிமீட்டர். ஒரு டேப் முழுசு, அதற்கு மேல் ஒரு அடி. அவ்வளவுதான். ரெண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே வந்தாலும் மோதாமல் போகும். கடைத்தெருவில் 2.5 மீட்டர்.

உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆறு அங்குலம். நம்ம ஊர்களில் பிளாட்பாரம் என்ற பெயரில் ஒரு முழம் உயரத்துக்குக் கட்டிவிட்டு, யாரும் ஏறவில்லையே, எல்லாரும் ரோட்டில்தான் நடக்கிறாங்க என்று குறை சொல்கிறோம். பண்டலோடு ஒரு முழம் ஏறி, அடுத்த வீட்டு கேட்டில் இறங்கி, மறுபடி ஏற யாரால் முடியும்?

அடுத்தது மண். கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் குடித்தால் உப்பும், வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் அப்படியே பேவர் பிளாக் பதித்தால் ஒரே மழையில் மேடும் பள்ளமுமாகிவிடும். மேல்மண்ணை வெட்டி எடுத்து, சரள் நிரப்பி, நன்றாக இடித்து இறுக்கி, தண்ணீர் வடிய வழி வைத்துவிட்டுத்தான் கல் பதிக்க வேண்டும். வேலை நடக்கும்போது கல்லின் நிறத்தைப் பார்க்காதீர்கள். கல்லுக்கு அடியில் என்ன போகிறது என்று பாருங்கள்.

அப்புறம் நிழல். சித்திரை வெயிலில் எவ்வளவு நல்ல நடைபாதை போட்டாலும் நிழல் இல்லை என்றால் ஆள் நடக்க மாட்டான். வேம்பு, புங்கை, பூவரசு இந்த மண்ணுக்குத் தாங்கும். கடைசியாக வெளிச்சம். தெரு விளக்கின் வெளிச்சம் வண்டி போகும் நடுப்பகுதியில் மட்டும் விழுந்தால் போதாது. நடக்கிறவர் முகமும் கால் வைக்கும் இடமும் தெரிய வேண்டும். ராத்திரி வேலை முடித்து வருகிற பிள்ளைகளுக்கு அது துணைக்கு ஆள் வருகிற மாதிரி.

இடமே இல்லாத சந்தில்?

"அண்ணாச்சி, எங்க தெருவே மூணு டேப்புதான். இதில் நடைபாதை எங்க போடுறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்று ஒரு ஊர். 1960-களின் கடைசியில், கார்கள் தங்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் வேகமாகப் புகுந்து போவது பிடிக்காமல், அங்குள்ளவர்கள் தெருவையே மாற்றி அமைத்தார்கள். வண்டி நேராகப் பறக்க முடியாதபடி இங்கே ஒரு மரம், அங்கே ஒரு பெஞ்சு. தனி நடைபாதை கிடையாது. தெரு முழுக்க நடக்கிறவருக்கும் விளையாடுகிற பிள்ளைக்கும் சொந்தம். வண்டி அங்கே விருந்தாளி மாதிரி மெதுவாக வந்து போகலாம். 1976-இல் அந்த நாட்டு அரசு இதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அவர்கள் வைத்த பெயருக்கு 'வாழும் முற்றம்' என்று பொருள்.

நமக்கு இது புதுசா? வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். கல்யாணத்துக்குத் தெருவில் பந்தல் போடுகிறோம். கோடையில் கட்டிலைத் தெருவில் போட்டுப் படுத்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. தெருவை முற்றமாக வைத்திருந்தவர்கள்தான் நாம். நடுவில் வண்டிக்குக் கொடுத்துவிட்டோம்.

சந்துகளில் அதனால் கேட்கவேண்டியது வேகக் குறைப்பு. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளிக்கூட முக்கில், கோயில் முக்கில், பஸ் நிறுத்தத்தில் முறையான வேகத்தடை, அதற்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை. நாமே ராத்திரியில் சிமெண்டைக் குழைத்துக் கட்டுகிற முதுகெலும்பு உடைக்கும் மேடு இல்லை.

கடைக்கு ஆள் வருமா?

நான் உள்ளே வரும்போதே ஒரு அண்ணாச்சி கேட்டுவிட்டார்: "ஓரத்தைக் காலி பண்ணிட்டா கஸ்டமர் பைக்கை எங்க நிறுத்துவான்?" அவர் கவலை பொய் இல்லை. வாடகை கட்டுகிறவர் அவர்.

இதே கேள்வி சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரிலும் வந்தது. இந்தியாவில் முன்னோடியாக, நடப்பதற்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் கொண்டுவந்தது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் இவற்றுக்கு என்றது. பாண்டி பஜாரில் முதலில் தடுப்பு வைத்துச் சோதனை பார்த்தார்கள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகமாகத் திறந்தார்கள். இன்றைக்கு அங்கே குடும்பத்தோடு நடந்து, உட்கார்ந்து, கடை கடையாகப் பார்க்கிறார்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. அங்கே வியாபாரம் நின்றா போய்விட்டது?

அதற்காக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளை அதற்கு முன்பே, 2013-இல், வளாகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். தெருவைச் சீர்திருத்தும்போது யாராவது ஒருவர் இடம் மாற வேண்டி வருகிறது. அது யார், எங்கே போவார் என்று முதலிலேயே பேசவில்லை என்றால், கடைசியில் பூ விற்கிற அக்காதான் காலி பண்ணுவார். பைக் அங்கேயே நிற்கும். பூக்கடையும் வேண்டும், இளநீர்க் கடையும் வேண்டும். நடக்கிறவருக்கு அவர்கள்தான் ராத்திரித் துணை. நடைபாதையில் அவர்களுக்கு ஓர் ஓரம் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைக் காலியாக வைக்க வேண்டும்.

நம்ம ஊருக்கு இன்னொன்று. லோடு ஏற்றாமல் இந்த ஊர் பிழைக்காது. குட்டி யானை வராதே என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த நேரம் வரலாம், எந்த இடத்தில் நிற்கலாம் என்று கடைக்காரர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லோடு இறக்க வேண்டாம் என்ற ஒரே முடிவு போதும், பாதிக் குழப்பம் குறையும். அதற்கு ஒரு ரூபாய் நிதி தேவையில்லை.

போனை வைத்து என்ன செய்யலாம்?

இப்போது வேலைக்கு வருவோம். ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. 300 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: நடந்து பாருங்கள். நாலு பேர் போதும். ஒரு வயசான ஆச்சி, ஒரு பள்ளிப் பிள்ளை, பண்டல் தூக்குகிற ஒரு அக்கா, ஒரு கடைக்கார அண்ணாச்சி. சக்கர நாற்காலியில் போகிறவர் தெருவில் இருந்தால் அவர்தான் முதல் ஆள். காலையில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை.

இரண்டு: அளந்து படம் எடுங்கள். போனில் லொக்கேஷனை ஆன் செய்துவிட்டு எடுங்கள். பள்ளம், மூடியில்லாத வாருகால், உயரமான படி, எல்லாவற்றின் மேலும் உங்கள் டேப்பை வைத்து எடுங்கள். "பெரிய பள்ளம்" என்று எழுதினால் அது புலம்பல். "42 சென்டிமீட்டர் அகலம்" என்று எழுதினால் அது கணக்கு. எரியாத விளக்கு என்றால் கம்பத்து எண்ணையும் சேருங்கள்.

மூன்று: ரோடு யாருடையது என்று கேளுங்கள். மனு அலைவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஒரே ஊருக்குள் ஊராட்சித் தெரு இருக்கும், ஊராட்சி ஒன்றியச் சாலை இருக்கும், நெடுஞ்சாலைத் துறை ரோடும் இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

நான்கு: சரியான கதவைத் தட்டுங்கள். நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் பள்ளம் என்றால், 2023-இல் அந்தத் துறை வெளியிட்ட 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. எந்தத் துறை என்றே தெரியவில்லை என்றால் முதல்வரின் முகவரித் துறையின் 1100. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்கே கொடுத்தாலும் மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தெரு குரூப்பில் போட்டுவிட்டால் தொலையாது. பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள்.

ஐந்து: கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். பள்ளத்தை அடைக்க செயலி போதும். தெருவை மாற்ற கிராம சபைத் தீர்மானம் வேண்டும். "இந்த 300 மீட்டரில் நடைபாதை, நிழல் மரம், மூடிய வாருகால், பள்ளி முன் வேகத்தடை" என்று நாலு வரி எழுதி, படங்களோடு கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். முக்கியமாக, அண்ணாச்சிமார் ஒருத்தரும் அக்காமார் ஒருத்தரும் சேர்ந்தே எழுந்து பேசுங்கள். கடைக்காரர் ஒரு பக்கம், நடக்கிறவர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் தீர்மானம் அன்றைக்கே படுத்துவிடும்.

ரொம்ப நேரம் பேசிவிட்டேன். மெஷின் காத்திருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நடந்து போங்கள். உங்கள் தெருவில் வெளியே வராமல் உள்ளேயே இருக்கிற ஒரு ஆச்சியோ தாத்தாவோ கட்டாயம் இருப்பார்கள். "ஏன் ஆச்சி வெளியே வர்றதில்லை?" என்று கேளுங்கள். "முடியல ய்யா" என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். வாசல் படியையும் வாருகாலையும் குனிந்து ஒரு தடவை அளந்து பாருங்கள். அன்றைக்கு நான் செய்யாமல் விட்டது அதுதான்.